ஒரு ‘அப்பாடா’ செய்த வேலை

போன மாதம் நான் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன். வேண்டுமென்று இல்லை. உதவி செய்யப் போய்!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். அதற்கு முன் பள்ளிக்கூடங்கள், போதை மறுவாழ்வு இல்லம், சிறை முடித்து வருகிறவர்கள் என்று ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம். இத்தனைக்குப் பிறகும் ஒரு கத்துக்குட்டி செய்கிற தப்பைச் செய்தேன் என்றால் என்னை என்ன சொல்ல?

அவர் பெயர் அமுதா என்று வைத்துக்கொள்வோம். எழுதலாமா என்று கேட்டேன். “என் பேரப் போடாம எழுதுங்க மேடம்” என்றார். வயது நாற்பத்தாறு. சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருக்கிறார். இளம் வயதில் காதுக்குள் குரல்கள் கேட்டு, வார்டில் படுத்து எழுந்தவர். இப்போது மாதம் ஓர் ஊசி. அதோடு பதினோரு வருடமாக நன்றாக இருக்கிறார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

போன மாதம் தவறியது.

தேதி போய் நான்கு நாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஊசி நின்றால் தூக்கம் போகும்; தூக்கம் போனால் குரல்கள் திரும்பும்... எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீடு பூட்டியிருந்தது. தட்டினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண். கவிதா. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறாள்.

“அமுதாக்காவையா தேடுறீங்க? கிளினிக் போயிருக்காங்க லா. என் பிள்ளைக்கு நாலு நாளா காய்ச்சல். அவங்கதான் தூக்கிட்டு அலையிறாங்க. வந்துருவாங்க. உள்ள வந்து உக்காருங்கக்கா.”

அமுதா சம்பளத்துக்குப் பிள்ளை பார்த்துக்கொள்கிறவர் என்று எனக்குத் தெரியும். யார் பிள்ளை என்று தெரியாது. உட்கார்ந்தேன். கையில் ஒரு கோப்பை மைலோ வந்தது. தமிழ் முகம், சூடான மைலோ, ஆள் பத்திரம் என்ற செய்தி... உடம்பு தளர்ந்தது. கூடவே வாயும்.

“அப்பாடா!” என்றேன். “அதான் ஊசிக்கு வரலையா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.”

“என்ன ஊசி?”

சட்டென்று வாயை மூடினேன். மூடி என்ன பயன்? கழுத்தில் அட்டை தொங்குகிறதே! என் பெயர், அதன் கீழே பிரிவின் பெயர், மலாயில், கொட்டை எழுத்தில். கவிதா அதைப் படித்தாள். நிதானமாகப் படித்தாள்.

நோயாளி வீட்டுக்குப் போகும் முன் அட்டையைக் கழற்றிப் பையில் போடு. ஆஸ்பத்திரி வண்டியை பிளாக்குக்குக் கீழே நிறுத்தாதே. அக்கம்பக்கம் கேட்டால் ‘தெரிஞ்சவங்க’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. கவுன்சலிங்குக்கு வரும் மாணவியை மைக்கில் கூப்பிடாதே. போதையை விட மெத்தடோன் மருந்துக்கு வருகிறவரை பாசாரில் காய் வாங்கும்போது பார்த்தால், அவர் சிரித்தால் மட்டும் சிரி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தருவது யார்? சாட்சாத் நான்தான்.

அமுதா வந்தார். தோளில் இரண்டு வயதுக் குழந்தை, தூங்கிக்கொண்டு. கையில் மருந்துப் பை.

“காய்ச்சல் விட்டுருச்சு கவி! ரெண்டு வாய் கஞ்சிகூடக் குடிச்சா—”

என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார்.

கவிதா எழுந்து போய்க் குழந்தையை வாங்கினாள். தினமும் வாங்குவதுதான். அன்று வாங்கிய வேகம் வேறு. குழந்தை விழித்து, அமுதாவின் பக்கம் கையை நீட்டி அழுதது. “நீங்க போங்கக்கா, நான் பாத்துக்குறேன்” என்றாள் கவிதா. எங்கள் இருவரையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். எனக்கு அங்கேயே செத்துப் போகலாம் போலிருந்தது.

அமுதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ஊசிதானே மேடம்? நாளைக்கு வரலாம்னுதான் இருந்தேன். காய்ச்சல்ல கெடக்குற பிள்ளைய யார்ட்ட விட்டுட்டு வர்றது? என் போனைப் பிள்ளை தண்ணியில போட்டுருச்சு.”

மறுநாள் வந்து ஊசி போட்டுக்கொண்டார். குழந்தை அவர் வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கவிதா வேறு இடம் பார்த்துவிட்டாள்.

கவிதாவை என்னால் திட்ட முடியவில்லை. பெற்றவள். பயம் இருக்காதா? அந்தப் பதினோரு வருடத்தில் ஒன்றரை வருடம் அவள் பிள்ளை அந்தக் கைகளில்தான் வளர்ந்தது, ஒரு கீறல் இல்லாமல். ஆனால் ஓர் அட்டையைப் படித்த பிறகு அதெல்லாம் யாருக்கு நினைவுக்கு வருகிறது? அந்தக் குழந்தை என் மகளாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மேடையில் கேட்டால் அழகாகப் பதில் சொல்வேன். என் வீட்டுக் கூடத்தில் கேட்டால்... தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அட்டை இல்லாமல்தான். காலம் கடந்த புத்தி!

“நான் கவிதாகிட்ட பேசட்டுமா அமுதா? விளக்கமா எடுத்துச் சொன்னா—”

“வேணாம் மேடம்.” குரல் உயரவில்லை. “இன்னும் என்ன சொல்லப் போறீங்க? எனக்குப் பைத்தியம் இல்லன்னா? நீங்க சொல்லச் சொல்ல அவளுக்கு பயம் கூடத்தான் செய்யும். விட்டுருங்க லா.”

நான் கிளம்ப எழுந்தேன். பிறகு அவரே சொன்னார்: “காலையில ஆறரைக்குக் கதவத் தொறந்து வச்சிர்றேன் மேடம். பழக்கம். அப்புறந்தான் ஞாபகம் வருது.”

ஒன்றும் சொல்லவில்லை. முதல் முறையாகச் சரியாகச் செய்தேன்.

இந்த மாத ஊசிக்கு அமுதா தேதி தவறாமல் வந்தார். பஸ் பிடித்து, எல்லோருக்கும் முன்னால். வருடம் ஒருமுறை ஃபைலைப் புதுப்பிக்க வேண்டும். கேள்விகளை நான்தான் கேட்டேன்.

“வேலை?”

“இல்லன்னு எழுதிக்குங்க மேடம்.”

‘பிள்ளை பார்ப்பவர்’ என்று இருந்ததை என் கையாலேயே அடித்தேன்.

அடுத்த பக்கம் நோயைப் பற்றியது. அதில் திருத்த ஒன்றுமே இல்லை... அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.