கடைசிப் படகில் ஊசியக்கா

எல்லாப் படகுகளும் தண்ணீரில் இறங்கிவிட்டன. ஊசியக்கா மட்டும் இன்னும் கரையில் நின்று, நன்றாக இருந்த தொப்பி நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார். "நீங்க போய்ட்டே இருங்க, வந்துட்டேன்" என்கிறார். வர மாட்டார். கடைசி ஆள் துடுப்புப் போடும் விதத்தைக் கண்ணால் அளந்த பிறகுதான் தன் படகில் கால் வைப்பார்.

மற்ற நாட்களில் அவர் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறார். பெயர் அப்படி வந்ததுதான். கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் சிலர் தம்மை அறியாமல் முழங்கையை மடக்கிக்கொள்வார்கள். ஊசி குத்தும் நேரம் பார்த்து, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்பார். நாம் வெறும் வயிற்றோடு வந்திருப்பது அவருக்குத் தெரியும். நாம் குழம்பி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் துடுப்புக் குழுவோடு ஏரிக்கு வருவார். ஐம்பதைத் தாண்டியவர், நினைத்தால் எங்களில் பாதிப் பேரை முந்திவிடுவார். ஆனாலும் கடைசிப் படகு அவருடையதுதான். பின்தங்குகிறவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் "நம்ம ஆளுங்க". முன்னால் போனவர்கள் நிழலில் இளைப்பாறிவிட்டு, பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்ததும் கிளம்பப் பார்த்தால் மட்டும் சண்டைக்கு வருவார். "நீங்க மூச்சு வாங்கியாச்சு. அவர் வாங்க வேணாமா? நம்ம ஆளு வந்த பிறகுதான் ரெஸ்ட் ஆரம்பம்" என்று துடுப்பை மடியில் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் தலைவர் ஒரு விளையாட்டு ஆசிரியர், அதட்டியே பழகியவர். அவரும் அப்போது தன் துடுப்பை மடியில் போட்டுக்கொள்வார்.

சென்ற மாதம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு புதிதாகச் சேர்ந்தார். மனைவி விறுவிறுவென்று முதல் வரிசைக்குப் போய்விட்டார். கணவர் பின்தங்கினார். பாதி ஏரியில் காற்று திரும்பி, அலை பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தது.

"நீங்க போங்க மேடம். நான் மெதுவா வந்துடறேன்" என்றார் கடைக்காரர்.

ஊசியக்கா அவருடைய விரல்களைப் பார்த்தார். அவை துடுப்பை நெரித்துக்கொண்டிருந்தன.

"அது நடக்காது சார். கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"ஒன்பது... இல்ல, ஒன்பதரை."

அவர் யோசிப்பதற்குள் அக்கா விசிலை நீளமாக ஊதினார். முன்னால் போனவர்கள் நாணல் திட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். சற்று முன்னே இருந்த நான் திரும்பி வந்தேன். அதற்குள் ஓர் அலைக்குப் பயந்து கடைக்காரர் படகின் விளிம்பைப் பிடிக்க, படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தினோம். அக்கா அவர் படகின் மூக்கில் கயிற்றுக் கொக்கியை மாட்டினார்.

"கயிறு வேணாம் மேடம். அவ பாத்தா..."

"பாக்கறப்ப பாத்துக்கலாம். நீங்க துடுப்பை விடாம போட்டுக்கிட்டே வாங்க."

நான் பக்கத்தில் ஒட்டி வந்தேன். அக்கா இழுத்தார், இழுத்துக்கொண்டே பேசினார். "சார், இப்பல்லாம் ஊசி முனை எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது. பவர் மாத்தணுமோ?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். போன வாரம்தான் அக்காவிடம் கையை நீட்டிய எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாணல் திட்டை நெருங்கியதும் காற்று அடங்கியது. அதைச் சுற்றித் திரும்பினால் எல்லோரும் தெரிவார்கள். அக்கா கொக்கியைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டிக் காலுக்கடியில் போட்டார். "இனிமே நீங்களே போயிடுவீங்க. முன்னாடி போங்க சார்."

அவர் முன்னால் போய்ச் சேர்ந்தார், நாங்கள் பின்னால்.

"விசில் யாருக்கு?" என்று தலைவர் கேட்டார். மனைவி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எனக்குத்தான்" என்றார் ஊசியக்கா. "தோள் பிடிச்சுக்கிச்சு. சார்தான் பாவம், எனக்காக நின்னு நின்னு வந்தார்."

சொல்லிக்கொண்டே இடது தோளைத் தேய்த்தார். தலைவர் தன் பையில் துழாவி, வலி மருந்தை எடுத்துக்கொண்டு படகை அருகே ஓட்டி வந்தபோது, வலது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.