பத்து மணிக்கு மேல் மந்தம்

நல்ல கையெழுத்து வாய்த்தது என்னைப் பிடித்த சனி. எவனுக்கு எவன் மேல் ஆத்திரம் வந்தாலும் மனு எழுத என்னைத்தான் தேடி வருவார்கள். ரோடு வேண்டும், பஸ் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். எதுவும் நடக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் எழுதிய பத்தாம் நாள் பலித்தது. அதனால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று.

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு எடை போடும் தனியார் வே பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. லாரி மேடையில் ஏறி நிற்கும். பக்கத்துத் தகரக்கூரை அறையில் இருப்பவர் வண்டி எண்ணைக் கம்ப்யூட்டரில் அடிப்பார். இரண்டு கேமராக்கள் வண்டியை முன்னும் பின்னும் படம் பிடிக்கும். பிறகு சீட்டு அச்சாகி வரும். சீட்டு கைக்கு வந்தால்தான் வண்டி இறங்க முடியும். நான் அப்போது ஒரு லாரி ஆபீஸில் வண்டிகளை அனுப்பி வைக்கும் வேலையில் இருந்தேன். தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். வரிசையில் வண்டி நின்றால் டிரைவர்களுக்கு நடை குறையும், எனக்கு ஆபீஸில் ஏச்சு விழும்.

எடை போட்டுக்கொண்டிருந்தவர் உடையார்பாளையம் பக்கத்து ஆள். ஐம்பதை நெருங்கியவர். எங்கள் எல்லோருக்கும் அண்ணன். அதிர்ந்து பேசமாட்டார். வேலை நேரத்தில் ஒரு பீடிக்குக்கூட வெளியே வரமாட்டார். அந்த வருடக் கோடையிலிருந்து அவரிடம் சீட்டு வாங்குவது பெரும்பாடாகிப் போனது. ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பது தெரியும். இந்தப் பக்கம் ஹாரன் அடித்து ஓய்வார்கள். மெஷின் இழுக்கிறது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாங்கள் சிரித்தோம். கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்த எனக்குமே தோன்றவில்லை.

புரட்டாசி வெயிலில் பதினெட்டு வண்டிகள் வரிசையில் நின்ற ஒரு நாள், டிரைவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி நிழலில் உட்கார்ந்து எழுதினேன். சும்மா எழுதவில்லை, ரசித்து எழுதினேன். "காலை எட்டு மணிக்குச் சுறுசுறுப்பாக இருப்பவர் பத்து மணிக்கு மேல் மந்தமாகிவிடுகிறார். வெயில் ஏற ஏற அவருக்குக் கை ஓடுவதில்லை" என்று அந்த மனுவில் ஒரு வாக்கியம். படித்துக் காட்டியபோது டிரைவர்கள் கைதட்டினார்கள். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

வே பிரிட்ஜ் முதலாளி மனுவைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்ப்யூட்டர் படித்தவன்தானே, நீயே வந்து உட்கார் என்றார். அந்த நாற்காலிக்காக நான் மனு எழுதவில்லை. ஆனால் சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பேன். ஐப்பசி முதல் நாள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மழைக்காலம். சீட்டு சடசடவென்று வந்தது. ஆளை மாற்றியதும் பார்த்தீர்களா என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். டிரைவர்கள் என்னை மெச்சிக்கொண்டார்கள். மார்கழி, தை எல்லாம் ராஜாவாக இருந்தேன். அந்த அண்ணனை நினைக்கும்போது பாவம், வயசாகிவிட்டது என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பெருந்தன்மையை நினைத்தால்தான் குமட்டுகிறது.

மாசி கடைசியில் வெயில் பிடித்தது. ஒரு நாள் பதினொரு மணிக்கு, வண்டி எண்ணை அடித்துவிட்டுப் பார்க்கிறேன், எழுத்து ஒவ்வொன்றாக ஆடி அசைந்து திரையில் வருகிறது. கேமரா படம் பாதியில் நிற்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே ஹாரன். கண்ணாடி வழியே ஒரு டிரைவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. அதே பார்வை அதே கண்ணாடிக்கு வெளியே நின்று நானும் பார்த்திருக்கிறேன்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வைரஸ் என்று நினைத்துச் சுத்தம் செய்தேன். பழைய படங்களை அழித்தேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்து மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியாகத்தான் பிராசசர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். அதன் உரிய வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்ததோ 0.79. நாலில் ஒரு பங்கு. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பார்த்தேன். 3.1 சரியாக இருந்தது. ஒன்பதரைக்கு இறங்க ஆரம்பித்தது. பத்துக்குப் பழையபடி 0.79.

பத்து மணிக்கு மேல் மந்தம். வெயில் ஏற ஏறக் கை ஓடவில்லை. நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, ஆளைத்தான் மாற்றி எழுதிவிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் விஷயத்தில் பழியை ஓரிடத்தில் போட்டது என் பேனா.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தெரிந்தவருக்கு போன் போட்டேன். சூடு தாங்காமல் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் வெந்துபோகும், சிபியு பெட்டியில் காற்றுப் போகும் ஓட்டை அடைத்திருக்கிறதா பாருங்கள் என்றார். குனிந்து பார்த்தேன். ஓட்டையே இல்லை. ஓட்டை இருக்க வேண்டிய பக்கத்தில் சாமி படம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் லாரி, எடைமேடை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் உண்டு. சந்தனம், குங்குமம், பூ. எங்கள் முதலாளி அதோடு நிறுத்துவதில்லை. வருடா வருடம் தன் கையால் ஒரு புதுச் சாமி படத்தைச் சிபியுவின் பக்கவாட்டில் ஒட்டுவார். பழைய படத்தைக் கிழிக்கமாட்டார். சாமி படத்தை யாராவது கிழிப்பார்களா? அதன் மேலேயே புதியது. அப்படி ஏழு படம், கெட்டி அட்டை போல. நானும் தினமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன். பெட்டி கொதிப்பது விரலில் பட்டிருக்கும். சாமியைக் கும்பிடுகிறவன் சூட்டையா கவனிப்பான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் இல்லை. ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, மூலை கிழியாமல் படங்களை உரித்தெடுத்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே வெள்ளை. சுண்ணாம்புக்கல் தூசி பிராசசர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் இறுகிப் பூச்சு வேலை செய்தது போல இருந்தது. விசிறி சுற்ற முடியாமல் முனகிக்கொண்டு கிடந்தது. பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்து ஊதினேன். பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து செதில் செதிலாக வந்தது. துடைத்துவிட்டுப் புதிது தடவினேன். மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை. திங்கட்கிழமை உச்சிவெயிலில் பார்த்தேன். 3.1. சீட்டு அரை நிமிடத்துக்குள் வந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலாளியிடம் சொல்லி அந்த அண்ணன் மேல் தப்பில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும் என்று மட்டும் துடித்தேன். முதலாளி வந்ததும் சுவரில் நான் மாட்டியிருந்த படங்களைத்தான் முதலில் கவனித்தார். காரணத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"அப்ப நான் சாமி படம் ஒட்டுனதுதான் தப்புங்கிறியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மென்று முழுங்கினேன். தூசிதாங்க காரணம் என்றேன்.

"அப்படிச் சொல்லு. தூசி தொடைக்கிறது யாரு வேலை? எடை போடுறவன் வேலைதானே?"

பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா என்று அண்ணன் இரண்டு முறை கேட்டதும், தெரியாததில் கை வைக்காதே என்று இவரே தடுத்ததும் டிரைவர்கள் வரை எல்லோருக்கும் தெரியும். நான் அதையும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றப் போய், அவர் தலையில் இன்னொரு பழியை ஏற்றிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன். உடையார்பாளையத்தில் இறங்கி விசாரித்தால், அவர் ஒரு முந்திரிக் கொட்டகையில் மூட்டை தைக்கிறார் என்றார்கள். அங்கே போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, எதிர்பார்த்திருந்தவர் போல, வா தம்பி என்றார். கொட்டகை வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, படம், தூசி, 0.79. மனுவை எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அது தெரியும், முதலாளி மனுவைக் காட்டினார், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியாதா என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல மெஷினுன்னுதான் தம்பி நெனச்சேன். அத்தன பேரு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நரம்பு டாக்டர்கிட்ட போயி கையக் காட்டுனேன். மாத்திரை குடுத்தாரு. இன்னும் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

டாக்டரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வெயில் ஏறினால் கை ஓட மாட்டேன் என்கிறது என்று சொன்னாராம். என் வாக்கியம். அதை அவர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

வீட்டுக்கு வா, இதை அவளிடம் நீயே சொல்லு, நான் சொன்னால் நம்பமாட்டாள் என்று கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க முந்திரி மரங்கள். அவர் வேகமாக நடந்தார், நான்தான் பின்தங்கினேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி கொண்டுவந்து கொடுத்தார். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். மனுவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, வேண்டாம் என்பது போல அண்ணன் தலையாட்டினார். அந்த அம்மாள் நின்றுகொண்டே கேட்டார். பாதியிலேயே கண் கலங்கிவிட்டது.

"அப்ப இவரு கையில ஒண்ணுமில்லையா?"

ஒன்றுமில்லை, மெஷின்தான் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அந்த ஒரு நிமிடம், வந்தது நல்லதாயிற்று என்று நினைத்துவிட்டேன்.

"அப்ப திரும்ப வேலைக்கு வரச் சொல்லிட்டாங்களா? அதச் சொல்லத்தான் வந்தீங்களா தம்பி?"

இல்லைங்க என்றேன்.

"ஏன்? அந்த எடத்துல வேற ஆளு இருக்கா?"

இருக்காங்க என்றேன். அண்ணன் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனார்.

"யாரு?"

நான்தாங்க என்றேன்.