மொட்டைத் தென்னையின் குடித்தனங்கள்

நேற்று முத்துப்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக் கொல்லையில் தலையில்லாத தென்னை. அதன் பொந்திலிருந்து கிளி ஒன்று எட்டிப் பார்த்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டேன்.

எங்கள் வயல் வரப்பிலும் அப்படி ஒன்று இருந்தது. புயலில் தோப்பே சாய்ந்தபோது அது மட்டும் கொண்டை முறிந்து, பட்டுப்போய் நின்றது. என் கணவர் அப்போது குவைத்தில். ஊரில் நானும் அவருடைய அம்மாவும்தான். மாமி என்று கூப்பிடுவேன். தேங்காய் வருமானம் போய்விட்டதால் அடுத்த வருடச் சோறு முழுக்கச் சம்பா நடவை நம்பித்தான் இருந்தது.

மரம் செத்த பிறகுதான் அதற்குக் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். மரங்கொத்தி துளை போட்டது, மைனா வந்தது, கிளி வந்தது. உளுத்த உச்சியில் ஒரு கூகை ஆந்தை ஜோடி. அந்தி நேர மஃரிப் பாங்கு முடிந்ததும் அவை அலறும். மாமிக்கு அது ஆகாது.

"வூட்டுக்கு நல்லதில்ல புள்ள. மரத்த வெட்டிடச் சொல்லு."

எங்கள் ஊரில் பாதிக் குடும்பம் போனிலேயே நடக்கும். கணவர் அங்கிருந்தபடியே ரம்பக்காரரை ஏற்பாடு செய்துவிட்டார்.

அதற்குள் பயிர் கதிர் தள்ளப் பொதிகட்டிவிட்டது. எலி தண்டுதண்டாக வெட்டிப் போட்டது. மூங்கில் கிட்டி வைத்துப் பார்த்தேன். அதில் முதலில் மாட்டியது என் விரல்தான். மொட்டைத் தென்னையைச் சுற்றி மட்டும் பயிர் வெட்டுப்படாமல் நின்றது.

ரம்பக்காரர் வரவிருந்த காலையில் மாமி மரத்தடிக்குப் போனார். கூகை கக்கிய உருண்டைகள் கிடந்தன. குச்சியால் கிளறினால் எலி மண்டை, எலிப் பல், எலி மயிர். ரம்பம் வந்ததும் மாமி மரத்தை மறித்துக்கொண்டு நின்றார்.

"வெட்ட வேணாம் தம்பி. டீ குடிச்சிட்டுப் போங்க."

சாயங்காலம் கணவர் போனில் கேட்டார்: "மரத்த வெட்டியாச்சா உம்மா?"

"ஆச்சு வாப்பா" என்றார் மாமி மகனிடம்.

அந்த நேரம் பார்த்துக் கூகை அலறியது.

"அது என்ன சத்தம்?"

"மிக்சி ரிப்பேரு."

நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். எலி வெட்டியது போக மிஞ்சிய நெல் பழுதில்லாமல் வீடு வந்தது. லீவில் வந்த கணவர், "வெட்டுன மரம் நல்லா நிக்குதே உம்மா!" என்றார். மாமி புது அரிசிச் சோற்றை அவர் தட்டில் அள்ளி வைத்தார். அந்தச் சோற்றுக்காக மாமிக்கும் மரத்துக்கும் கூகைக்கும் நான் இன்றும் கடமைப்பட்டவள்.

மாமி இப்போது இல்லை. மரமும் ஒரு மழையில் தானாகச் சாய்ந்தது. புதுத் தென்னைகள் காய்க்கின்றன. பொந்து ஒன்றுகூட இல்லாத நல்ல மரங்கள். எலிக்கு மருந்து வைக்கிறோம். போன மாதம் மருந்து தின்ற எலியைத் தின்ற கூகை ஒன்று வரப்பில் செத்துக் கிடந்தது. நான்தான் குழி தோண்டினேன். மண்ணைத் தள்ளும்போது, "ஒன் புண்ணியத்துல ஒரு வருசம் சோறு தின்னோம்" என்று சொன்னேன். அதன் ஜோடி எங்கே என்று தேடிப் பார்த்தேன். இல்லை.