கணினிக்குள் இல்லாத ரத்தம்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்த மாதங்களில் என் நாத்தனார் நெமிலிச்சேரியில் எங்களோடு இருந்தார். பட்டாபிராமில் தையல் கடை வைத்திருப்பவர். சும்மா உட்காரத் தெரியாது. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

புற்றுநோய்ச் செல்கள் எப்படிப் பெருகும், மருந்து பட்டால் எப்படிக் குறையும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் ஆராய்ச்சி. திரையில் ஒரு சிவப்புக் கோடு ஏறி இறங்கும்.

"இதான் என் கட்டியா?"

"இல்ல அண்ணி. லேப்ல வளர்க்கிற செல்லோட கணக்கு."

மருந்தின் அளவை அவரையே மாற்றச் சொன்னேன். கூட்டக் கூட்டக் கோடு சரிந்தது. அவருக்கு ஒரே உற்சாகம்.

"அப்போ இன்னாத்துக்கு மூணு வாரம் உட்டு உட்டு ஏத்துறாங்க? ஒரேடியா ஏத்தினா முடிஞ்சிடும்ல?"

"ரத்த அணு கொறஞ்சிடும் அண்ணி. அது மறுபடியும் ஊறணும்."

"அந்த ரத்தம் இதுல எங்க கீது?"

இல்லை. என் கணக்கில் கட்டி மட்டும்தான் இருந்தது, அதைச் சுமக்கும் உடம்பு இல்லை. வேறு ஆய்வாளர்கள் அதைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் கேள்விக்கு அது தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

சில வாரங்களில் ரத்த அணுக்களுக்கும் சமன்பாடு எழுதிச் சேர்த்தேன். இப்போது இரண்டு கோடுகள். மருந்தை இடைவிடாமல் கொடுத்தால் கட்டி கரையும் முன்பே ரத்தக் கோடு தரைதட்டியது. இடைவெளி விட்டால் ரத்தம் மேலேறியது. சிவப்புக் கோடும் லேசாக ஏறியது.

அண்ணி அந்த ஏற்றத்தின் மேல் விரலை வைத்தார்.

"நடுவுல அதுவும் வளருதா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்சம். ஆனா எறங்கினதவிடக் கம்மி."

"நான் படுத்துகினு கெடக்குறப்போ உள்ள ரெண்டும் போட்டி போடுதுன்னு சொல்லு" என்றார். பிறகு சமையலறைக்குப் போய், ரத்தம் ஊறட்டும் என்று நான் அவித்துக் கொடுத்து, அதுவரை வேண்டாம் என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த முட்டையை உரித்துச் சாப்பிட்டார்.

சிகிச்சை முடிந்தது. கடைசி ஸ்கேனில் கட்டி இல்லை. அண்ணி கடையைத் திறந்துவிட்டார்.

போன மாதம் என் கணிப்பை ஆய்வகச் செல்களில் சோதித்தோம். மருந்து இருக்கும்வரை கணக்குப்படியே குறைந்தன. நிறுத்திய பிறகோ, நான் சொன்னதைவிட மெதுவாகவே மீண்டும் பெருகின. எது அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது? அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.