சாணுக்கு இரண்டு விரல் குறைவு

டெய்லரம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில், புருஷன் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன் பேர்வழி என்று மடியில் போட்டு உட்கார்ந்தவள், தான் உடுத்தியிருந்த துணியையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். எழுந்தபோது சட்டையும் கூடவே எழுந்து வந்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு விட்டானா? மறுநாள் தான் வேலை செய்யும் பால் பவுடர் ஆலையில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தான். அவள் முகத்தைக்கூடப் பார்த்திராத அத்தனை பேருக்கும் அன்றிலிருந்து அவள் டெய்லரம்மா ஆகிவிட்டாள்.

அவன் ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அவளுக்கு அவன் மார்புதான் எட்டும். கூடவே இருந்த மாமியாரும் அவள் உயரம்தான். பரணில் இருந்து எது வேண்டுமானாலும் இரண்டு பெண்களும் அண்ணாந்து ஒரு சத்தம் கொடுப்பார்கள், அவன் கையை நீட்டி எடுத்துத் தருவான். பதினாறு வருஷம் அந்த வீட்டில் முக்காலி என்று ஒன்று இருந்ததில்லை. அவன் போன பிறகுதான் வாங்கினார்கள்.

ஷிஃப்டுக்குக் கிளம்பியவன் பஸ் நிறுத்தத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவசர அவசரமாக அவன் சீருடையைக் கத்தரித்து எடுத்தார்கள். வெள்ளைப் பேண்ட்டை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, இரண்டு காலும், நேராக வெட்டியிருந்தார்கள். பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவன் அம்மா கையில் கொடுத்தார்கள். யாரய்யா கொடுக்கச் சொன்னது? பெற்றவளிடம் கொடுக்கிற பொருளா அது? அத்தை அந்தப் பையைப் பிடித்தபடி வீடு வரை வந்தாள். அழவே இல்லை.

மிச்சம் ஒரே ஒரு பேண்ட். அது கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியது மாட்டியபடி இருந்தது.

மூன்றாம் மாதம் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. அவன் இடத்தில், பேக்கிங் கூடத்தில், மனைவிக்கு வேலை. ஒரு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் நிரந்தரம், புதுச் சீருடையும் உண்டு. சரிப்படாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். அவர்கள் இருந்ததோ ஆலைக் குடியிருப்பு. வேலைக்கு ஆள் இல்லையென்றால் வீடும் இல்லை.

"அதுவரைக்கும் அவரோட சீருடை இருக்குமே, அதையே போட்டுக்கிட்டு வாங்கம்மா" என்றார் சூப்பர்வைசர், பக்கத்து வீட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வரச் சொல்வதுபோல.

ஆணியிலிருந்து அதை எடுத்தபோது அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போட்டுக்கோ. ஆனா கத்தரி மட்டும் வைக்காதே. ஒண்ணை வெட்டினது போதும்."

"சரி அத்தை."

இடுப்பை நாடா போட்டு இழுத்துக் கட்டியாகிவிட்டது. கால்தான் பாதத்தையும் தாண்டித் தரையில் புரண்டது. தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டு போனாள். அவர் கத்தரியை எடுத்ததும் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "வெட்டாம இவ்வளவையும் உள்ள மடிச்சா கால்ல மூட்டை கட்டின மாதிரி இருக்கும். எனக்குத்தான் கெட்ட பேரு" என்று அவர் கைவிரித்துவிட்டார்.

முதல் நாள் வெளிப்பக்கமாகச் சுருட்டி விட்டுக்கொண்டு போனாள். கூடத்து வாசலிலேயே சூப்பர்வைசர் நிறுத்தினார்.

"மடிப்புல பவுடர் தேங்கும்மா. ஈரம் பட்டா புளிக்கும், புழு வைக்கும். இங்க வெளி மடிப்பே கூடாது." அன்றைக்கு முழுக்க வெளியே உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள்.

மறுநாள் எதிர்வீட்டு டீச்சரிடம் ஸ்டேப்ளர் வாங்கி, துணியை உள்பக்கமாக மடித்துச் சுற்றிலும் பின் அடித்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆலை வாசலில் காவலாளி ஒரு கருவியை உடம்பெல்லாம் ஓட்டிப் பார்ப்பார், இரும்பு இருந்தால் அது கத்தும். அவள் கணுக்காலில் அது ஊரைக் கூட்டியது.

"உள்ள என்ன டெய்லரம்மா?" அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரைக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

"பின்னு அண்ணா."

"எத்தனை?"

"எழுபது இருக்கும்."

"ஐயையோ! ஒண்ணு பவுடர்ல விழுந்தாலும் மொத்த லாட்டையும் கொட்டணுமே!"

காவலாளி அவளுக்கு ஒரு பழைய மேலங்கியைக் கொடுத்து மாற்றி வரச் சொல்லி, பேண்ட்டை மேஜைமேல் விரித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். அறுபத்தொன்பதாவதோடு நின்றது. எழுபதாவது என்று ஒன்று உண்டா இல்லையா என்று தேடுவதிலேயே பாதி ஷிஃப்ட் போயிற்று.

மூன்றாம் நாள் டீச்சரே ஒரு வழி சொன்னாள். இஸ்திரிப் பெட்டி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் டேப். ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், டெய்லரம்மாவுக்கென்றே செய்ததுபோல இருந்தது. ஆனால் உள்ளே மடித்திருந்தது கொஞ்சநஞ்சத் துணியா? கூடத்துச் சூட்டில் பத்து மணி வரை தாங்கியது. பிறகு வலது கால் பொலபொலவென்று அவிழ்ந்தது, அதையே அவள் மிதித்தாள், கையிலிருந்த மூட்டை கீழே விழுந்து வெடித்தது. பவுடர் புகை அடங்கியபோது சூப்பர்வைசர் புருவம் வரை வெள்ளையாக நின்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"நானும் எவ்வளவுதாம்மா பொறுக்கிறது? நாளைக்கும் இப்படித்தான்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

சாயந்திரம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்கு அந்த வேலை வேணாம்."

"வீடு?"

"எங்கயாவது பாத்துக்கலாம். உங்க பேச்சை மீறி நான் அதுல கத்தரி வைக்க மாட்டேன்."

அத்தை எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் உருண்டது, இழுப்பறை திறந்தது. திரும்பி வந்தபோது ஒரு கையில் முக்காலி, ஒரு கையில் கத்தரி.

"பேண்ட்டைப் போட்டுக்கிட்டு ஏறி நில்லு."

"அத்தை..."

"ஏறுடி. குனியாதே, அளவு மாறிப்போகும்."

அத்தை தரையில் மண்டி போட்டு, சோப்புத் துண்டால் கணுக்காலைச் சுற்றிக் கோடு இழுத்தாள். மடிப்புக்கு இரண்டு விரல் விட்டு இன்னொரு கோடு. அவள் கழற்றிக் கொடுத்ததும் துணியை மடியில் விரித்துக் கத்தரியைத் திறந்தாள். திறந்த கத்தரி மூடவில்லை. அத்தை அதை அப்படியே அவள் பக்கம் நீட்டினாள்.

"என்னால ஆகலை. நீயே வெட்டு."

டெய்லரம்மா வெட்டினாள். அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கண்ணீர் கண்ணை மறைத்ததில் இடது கால் கோணலாகப் போய்விட்டது. அதைச் சரிசெய்யப் போய், வலதைவிட ஒரு விரல் குட்டையாகிவிட்டது. இரண்டு விரல் மடிப்பு, டேப், அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி. இந்த முறை ஒட்டிக்கொண்டது.

வெட்டி எடுத்த இரண்டு வளையங்களும் தரையில் கிடந்தன. ஓரமெல்லாம் நைந்து நூல் பிரிந்திருந்தது. அவன் குதிகாலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். "காலைத் தூக்கி வைடா" என்று சின்ன வயதிலிருந்து அத்தை அவனைக் கத்தாத நாளில்லை. இப்போது ஒரு வளையத்தை எடுத்துத் தட்டையாக நீவி, கட்டைவிரலை ஒரு ஓரத்தில் ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டி அளந்தாள்.

"சாணுக்கு ரெண்டு விரல் கம்மி" என்றாள். "இவ்வளவுதான்டி. இவ்வளவு துணிக்குத்தானா நாம ரெண்டு பேரும் அவனை அண்ணாந்து அண்ணாந்து பாத்தோம்?"

அதற்குப் பிறகு அத்தையை யாராலும் தேற்ற முடியவில்லை. மூன்று மாதமாக அடக்கி வைத்ததையெல்லாம் அந்தத் துண்டுத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

காலையில் வாசலில் கருவி சத்தம் போடவில்லை. காவலாளி குனிந்து பார்த்தார்.

"நீங்களே பண்ணீங்களா? ஒரு கால் மேல நிக்குதே!"

"தெரியுது அண்ணா."

"அவரு பாத்திருந்தா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு" என்றவர், சட்டென்று அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார்.

கூடத்து வாசலில் சூப்பர்வைசர் அவள் காலைக்கூடப் பார்க்கவில்லை. சிரித்த முகத்தோடு ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"உங்களுக்காக நேத்து ஸ்டோர்ல போய்த் துழாவினேன்மா. போன வருஷம் வேலையை விட்டுட்டுப் போன பொண்ணுக்கு எடுத்து வச்ச செட்டு, பிரிக்காமலே கிடந்துச்சு. உங்க அளவுதான். முதல் நாளே கேட்டிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பேனே!"

முதல் நாளே கேட்டிருந்தால்! ஸ்டோரில் என்ன கிடக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? வாய் என்று ஒன்று அவருக்கும்தானே இருந்தது? ஆனால் அந்த மனிதர் நல்லது செய்த சந்தோஷத்தில் நின்றார், அவரைத் திட்டவும் வழியில்லை. பொட்டலத்தின் மேல் மொடமொடவென்று மடித்த வெள்ளைத் துணி தெரிந்தது. அவள் கையை நீட்டவில்லை.

"இருக்கட்டும் சார். இதுவே சரியா இருக்கு."

"அட, வச்சுக்கங்கம்மா."

வாங்கிக்கொண்டாள். அவன் பயன்படுத்திய லாக்கரின் அடியில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே அதைத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். ஷிஃப்ட் முடியும்வரை நூற்றிருபது மூட்டை கட்டினாள். ஒரு மடிப்பும் அவிழவில்லை.

வீட்டு வாசலில் அத்தை காத்திருந்தாள். முதலில் பேண்ட்டைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"விட்டாங்களா?"

"விட்டாங்க அத்தை."

"வேற ஒண்ணும் சொல்லலையே?"

"ஒண்ணும் சொல்லலை."

அத்தை பெரிதாக மூச்சு விட்டாள். "அப்ப, வெட்டினது வீண் போகலை."

"வீண் போகலை அத்தை" என்றாள் டெய்லரம்மா.