கொள்ளிடக் கரையில் நின்ற கார்

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான இரண்டாம் மாதம், என் கணவருக்குப் பூட்டானில் வாத்தியார் வேலை கிடைத்தது. பழைய அம்பாசிடரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எடமலைப்பட்டி புதூரில் என் அப்பா வீட்டிலிருந்து விடிகாலையில் புறப்பட்டோம். அம்மா முன்பே இறந்திருந்ததால் அப்பா மட்டும் வாசலில் நின்றார். அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே ஏறிவிட்டேன்.

ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் உடைந்திருந்தது. கணவர் தேடி அழைத்து வந்த மெக்கானிக் அதைக் கழற்றிக்கொண்டு அரியமங்கலம் பட்டறைக்குப் போனார். திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்.

"பஸ் பிடிச்சுப் போய் அப்பாவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேங்க" என்றேன்.

"வேணாம். அவர் இப்பதான் மனசைத் தேத்திக்கிட்டிருப்பாரு. மறுபடி போய் அழ வைக்கணுமா?" என்றார் கணவர்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். பத்து மணி வாக்கில் வண்டி கிளம்பியது.

பூட்டானுக்கு அப்பாவின் கடிதம் வந்தது. "உங்கள் கார் நிற்பதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பசிக்குமே என்று இட்லி கட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வந்தேன். வந்து சேரும்போது மணி பத்தரை. அதற்குள் போய்விட்டீர்கள். வண்டி சரியானதே போதும்."

அரை மணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருப்பார். பதில் எழுத உட்கார்ந்தவள், அங்குள்ள குளிரைப் பற்றி மட்டும் எழுதினேன்.

முதல் லீவுக்கு முன்பே அப்பா இறந்துபோனார். தந்தி கைக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது.