என் முதுகை யாரும் கேட்கவில்லை

போன வருடம் தை மாதக் கடைசி. மழை ஓய்ந்து, மரக்காணம் உப்பளங்களில் சீசனின் முதல் உப்பு வாருகிற நேரம். அதற்கு முந்தைய வருடம்தான் சென்னையில் எனக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. முகம் தெரியாத ஒரு குடும்பம், தங்கள் வீட்டுச் சாவுக்கு நடுவிலும் மனம் வைத்துக் கொடுத்த இதயம். அவர்களை நினைக்காமல் ஒரு நாளும் நான் தூங்கப் போனதில்லை.

எங்கள் அளத்தில் முதல் உப்பு வாருவதற்கு முன் பாத்தி வரப்பில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்போம். கைராசிக்காரர் ஒருவர் முதல் இழுப்பு இழுக்க வேண்டும். அந்த வருடம் அந்த மரியாதை எனக்கு வந்தது. செத்துப் பிழைத்தவன் கை பட்டால் உப்பு நன்றாக விளையும் என்று என் மச்சான் முடிவு செய்துவிட்டார். அதுவரை வெயிலும் தூசியும் படாமல் என்னை வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். எனக்கும் ஆசைதான். மாஸ்க் போட்டுக்கொண்டு போய், நீளக் கழியில் பொருத்திய வாரும் பலகையைப் பிடித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். முதுகில் ஏதோ நறுக்கென்றது. அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. "டேய், நெஞ்சைப் புடிங்கடா" என்று மச்சான் அலற, ஆளாளுக்கு என் மார்பைப் பிடித்துக்கொண்டார்கள். "நெஞ்சு இல்லப்பா, முதுகுப்பா" என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. குண்டும் குழியுமான அளத்துப் பாதையில் உப்பு ஏற்றும் வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போய் வந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். "ஹார்ட் சூப்பரா இருக்குது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். முதுகு என்றேன். வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு புரண்டுகூடப் படுக்க முடியாமல் கிடந்தேன். மறுபடி போனபோது அதே டாக்டர் சொன்னார்: "புது உசுரே கெடச்சிருக்குது. முதுகு வலிக்கெல்லாம் அழுவலாமா?" பார்க்க வந்த சொந்தக்காரர்களும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் கிடைத்தவன் வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் நன்றி கெட்டவனா? பலகை பிடிக்க முடியாதவனுக்கு எங்கள் ஊரில் என்ன பிழைப்பு இருக்கிறது?

கடைசியில் என் மனைவிதான் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனாள். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அவர் என் மாத்திரைகளை எடுத்துக் காட்டச் சொன்னார். முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. புது இதயத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தருகிற மாத்திரைகளில் ஸ்டீராய்டும் உண்டு, அது எலும்பை அரித்துவிடுமாம். நோயில் நான் படுத்தே கிடந்ததும் சேர்ந்துகொண்டதாம். அந்த மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது, ஆனால் ஆரம்பத்திலேயே எலும்புக்கு ஸ்கேன் எடுத்து அதற்கும் மருந்து கொடுத்திருக்கலாம் என்றார்.

அடுத்த செக்கப்பில் சென்னை இதய டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்.

"எல்லாருக்கும்னா யாருக்கு சார்? எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டிக்குத் தெரியாது. எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு வேற யாருக்குங்க தெரிஞ்சிருந்தது?" என்றேன். அவர் எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது மருந்து சாப்பிடுகிறேன், வலி குறைந்திருக்கிறது. ஆனால் லேசாகக் கூன் விழுந்துவிட்டது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று, மற்றவர்கள் உப்பு வாருவதைப் பார்க்கிறேன். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் இன்னமும் "ஹார்ட் எப்படிங்க இருக்குது?" என்றுதான் கேட்கிறார்கள்.

செக்கப்புக்குப் போகும்போதெல்லாம், வராண்டாவில் மாஸ்க்கோடு புதிதாக உட்கார்ந்திருப்பவர்களிடம் நானே போய், எலும்புக்கு ஸ்கேன் எடுத்தாச்சா என்று விசாரிக்கிறேன். "அது எதுக்குங்க?" என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறபோது, என் முதுகு வலித்ததைவிட அதிகமாக மனது கொதிக்கிறது.